கார் நின்னுடறதும்மா

அலுவலகத்தில் லேப்டாப் கொடுத்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் கொண்டுவரப் பயம். போன வருடம், தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. இரண்டாயிரமாவது வருடம் பிறப்பதற்குள் பழைய நிரல்களில் தேதிகளைத் திருத்தியாக வேண்டும் என்று எங்கள் கணினிப் பிரிவில் எல்லோரும் அல்லாடிக்கொண்டிருந்தோம். வீட்டிலும் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் சாதாரணக் கம்ப்யூட்டரே இரண்டு வீடுகளில்தான் இருந்தது. இதைப் பார்க்க மாடியிலிருந்தும் கீழேயிருந்தும் வந்தார்கள். மாடி வீட்டு மாமி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரி, இதுக்கு டிவி எங்கே?” என்று கேட்டாள். மூடியைத் திறந்து காட்டினேன்.

பிழை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பிழையைத் திரும்ப வரவழைக்க வேண்டும். வந்த பிறகு ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் இப்படித்தான் பார்ப்பேன்.

என் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயது. கோடை விடுமுறை. கூட வேலை பார்த்த ஒருவர் கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றைச் சிடியில் கொடுத்தார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து, காபி குடித்து, சமையலை முடிக்கிற வரைக்கும் அவள் அதை விளையாடலாம் என்று ஏற்பாடு. கூடத்தில் மேஜை. ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் அப்பா பேப்பர் படிப்பார். அவர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டு பாதியில் விட்டவர். விரல்கள் மட்டும் விடவில்லை. காதில் எந்தப் பாட்டு விழுந்தாலும் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்துவிடுவார். போடுவது அவருக்கே தெரியாது. பெண் பாட்டு வகுப்பில் அப்போதுதான் ஜண்டை வரிசைக்கு வந்திருந்தாள். ‘ஸஸ ரிரி கக மம பப தத நிநி ஸஸ’ என்று அதை முணுமுணுத்துக்கொண்டேதான் கார் ஓட்டுவாள். கார் உறுமல், ஸ்வரம், நாற்காலியில் தாளம். சமையலறைக்கு இந்த மூன்றும் சேர்ந்துதான் வரும்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு சிவப்பு சைக்கிள் நின்றது. பிறந்தநாளுக்கு அவள் அப்பா தி.நகரில் வாங்கிக்கொடுத்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அதில் தனியாகப் போகலாம் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் பல் தேய்த்தவுடன் கீழே போய் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு வருவாள்.

முதலில் அவள் சொன்னபோது நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, கார் நின்னுடறதும்மா.”

“நின்னுடறதுன்னா?”

“அப்படியே நின்னுடறது. அப்பறம் பாத்தா செவுத்துல இருக்கு.”

போய் உட்கார்ந்து நானே ஓட்டிப் பார்த்தேன். வாசலில் விளக்கேற்றுகிற நேரம். சிறிது தூரம் நன்றாகப் போனது. பிறகு திடீரென்று உறுமல் இழுபட ஆரம்பித்தது. படம் ஒட்டி ஒட்டி நகர்ந்தது. யாரோ பின்னாலிருந்து காரைப் பிடித்து இழுப்பதுபோல. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். பிழை தானாகவே வந்து முகத்தைக் காட்டிவிட்டது.

காரணம் பிடிபட அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வீட்டில் விலையுள்ள எந்தப் பொருளையும் நேராகச் சுவரில் சொருக மாட்டோம். பழைய பிரிட்ஜின் ஸ்டெபிலைசர் சும்மா கிடந்தது. லேப்டாப்பை அதன் வழியாக மாட்டிவைத்திருந்தார் என் கணவர். மே மாதம். விளக்கேற்றும் நேரத்தில் தெரு முழுக்க மின்விசிறியும் விளக்கும் போடுவார்கள், வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் ‘டக்’கென்று மின்சாரத்தையே வெட்டிவிடும். லேப்டாப் அணையாது. சத்தமில்லாமல் பேட்டரிக்குப் போய், பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு நேராகச் சொருகினேன். கார் பறந்தது.

“ஏன்னா, பிரிட்ஜுக்கு வாங்கினதை இதுக்குப் போட்டது யாரு?” என்றேன்.

“லட்ச ரூபா சாமானாச்சேன்னு பயந்து நடுங்கினது யாருடி? போட்டது நான், நடுங்கினது நீ. சரியாப் போச்சு,” என்றார் பேப்பரை இறக்காமல்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்த வாரமே பெண் மறுபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“அம்மா, இன்னும் நிக்கறது.”

நான் ஓட்டினேன். நிற்கவில்லை. அவளை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். ஒரு வளைவில் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. “பாத்தியா, இப்ப நின்னுது!” என்றாள். நான் பார்க்கவில்லை. கண் சிமிட்டிவிட்டேனோ என்று மறுபடி நின்று பார்த்தேன். மறுபடி அதேதான். அவள் நின்றது என்கிறாள், எனக்கு மோதியது மட்டும்தான் தெரிகிறது.

சூடாக இருக்கலாம். அடியில் இரண்டு கட்டைகளை வைத்துத் தூக்கினேன். மேஜை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினேன். பின்னால் வேறு எதுவும் ஓடாதபடி ஒவ்வொன்றாக நிறுத்தினேன். வைரஸ் தேடினேன். ஹார்ட் டிஸ்கில் சிதறிக் கிடந்ததை எல்லாம் ஒழுங்குபடுத்தினேன். விளையாட்டை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் நான் ஓட்டினால் சரியாக ஓடியது. அவள் ஓட்டினால் நின்றது. இயந்திரம் ஆள் பார்த்து நிற்காது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒருநாள் அலுவலகத்தில் வேலைக்கு நடுவே அதையே நினைத்து, திருத்திய தேதியை மறுபடி திருத்திக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை தி.நகருக்கு எடுத்துப் போனோம். ஒரு புடவைக் கடைக்கு மேலே, படியேறிப் போனால் சின்ன சர்வீஸ் கடை. காலையில் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் பெண்ணோடு போய் நின்றேன்.

“இன்னா மேடம், நல்லா கீற மிசினை எடுத்தாந்து குடுத்துட்டுப் போயிட்டீங்க,” என்றார் கடைக்காரர். “நான் ஓட்டிட்டேன், பக்கத்துல ஜெராக்ஸ்காரரும் ஓட்டிட்டாரு. மனுசன் கடையைத் தொறக்கவே போவல. சும்மா பறக்குது.”

“பொண்ணு ஓட்டினா நிக்கறதுங்கறா.”

“அப்ப பாப்பாவே ஓட்டிக் காட்டட்டும். வா பாப்பா, குந்து.”

அவள் உட்கார்ந்தாள். வெளியே தெருவில் ஒரே கூட்டம், ஒலிபெருக்கி. கடைக்காரர் குனிந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும். முதல் இரண்டு பந்தயத்தில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில், “இதோ! நின்னுடுத்து!” என்றாள்.

“எங்க நின்னுச்சு?” என்றார் அவர். “கண்ணு கொட்டாம பாத்துகினு கீறேன். நீதான் வளவுல திருப்பாம நேரா போய் செவுத்துல சொருவினே. தோத்தா மிசின் மேல பழியா? நல்லா கீதே கதை!”

ஜெராக்ஸ்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பெண் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார். “ஒண்ணியும் செய்யலியே மேடம், எதுக்குத் துட்டு?”

ஆட்டோவில் என் மேல் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: “நான் பொய் சொல்லலைம்மா. அது எனக்கு மட்டும்தான் நிக்கறது.”

வீட்டுக்கு வந்ததும் அவள் கீழே விளையாடப் போய்விட்டாள். அந்த விளையாட்டில் ஓட்டி முடித்த பந்தயத்தைத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்க ஒரு வசதி இருந்தது. கடைசிப் பந்தயம் அப்படியே இருக்கும். கடையில் அவள் ஓட்டியது. அதை ஓடவிட்டேன்.

இந்தக் காட்சியில் பார்ப்பவர் காருக்கு மேலே, கொஞ்சம் பின்னால் பறந்துகொண்டே வருவதுபோல இருக்கும். நேர்ச்சாலை. மரங்கள். கார் இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாய் ஆடிக்கொண்டே போனது. குழந்தை ஓட்டினால் அப்படித்தான் போகும், ஓயாமல் திருத்திக்கொண்டே. பிறகு ஓரிடத்தில் அந்த ஆட்டம் நின்றது. வேகம் குறையவில்லை. படம் தடுமாறவில்லை. கார் கோடு போட்டதுபோல நேராகப் போனது. சாலை இடப்பக்கம் வளைந்தது. கார் வளையவில்லை. புல்லில் இறங்கி, அதே வேகத்தில், சுவரில் முட்டி, சக்கரம் சுழல அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருந்தது. பின்வாங்கவில்லை. யாராக இருந்தாலும் அந்த நிமிஷம் எதையாவது அழுத்தியிருப்பார்கள். வெகுநேரம் போலத் தோன்றிய ஒரு இடைவெளிக்குப் பிறகு கார் சட்டென்று ஆடியது, பின்வாங்கியது, திரும்பியது. மறுபடி குழந்தை ஓட்டுகிற கார்.

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இயந்திரம் எங்கும் நிற்கவில்லை. நடுவில் அந்தக் கொஞ்ச தூரம் மட்டும் காரில் யாரும் இல்லை. அப்படித்தான் எனக்குத் தோன்றியது, இன்றைக்கும் வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. கூடத்தில் விளக்கு எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ச் சமையலறை விளக்கையும் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அவள் விளையாட உட்கார்ந்தபோது நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையைத்தான் பார்த்திருந்தேன். இப்போது எனக்குத் திரை தெரியாது. லேப்டாப்பின் மூடியும் அதற்கு மேலே அவள் முகமும்தான் தெரியும்.

“ஏம்மா என்னையே பாக்கறே?”

“சும்மாதான். நீ ஓட்டு.”

உறுமல் ஆரம்பித்தது. ‘ஸஸ ரிரி கக மம’ ஆரம்பித்தது. ஜன்னலோரம் அவள் அப்பாவின் விரல்கள் ஆரம்பித்தன. திரையின் வெளிச்சம் அவள் கன்னத்தில் பச்சையாகவும் சாம்பலாகவும் மாறிக்கொண்டிருந்தது. வளைவு வந்தால் உடம்பையும் சேர்த்து வளைப்பாள், நாக்கு நுனி வெளியே வரும். சிரிப்பாக இருந்தது. எதற்குப் பயந்தோம் என்றுகூட நினைத்தேன்.

“ஸஸ ரிரி கக மம” என்றவள் அதோடு நின்றாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் திரையைப் பார்த்தபடிதான் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. இமைகள் மட்டும் மிக வேகமாக, மிகச் சின்னதாகத் துடித்தன. விரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. உறுமல் மாறவில்லை. பிறகு மோதுகிற சத்தம். முகத்தில் ஒன்றும் அசையவில்லை. “கண்ணா,” என்றேன். கையெட்டும் தூரத்தில் இருந்தாள். காதில் விழவில்லை. நாற்காலிக் கையில் தாளம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

“பப தத நிநி ஸஸ,” என்று தொடர்ந்தாள். விட்ட இடத்திலிருந்து, அதே சுருதியில், மூச்சுக்கூட வாங்காமல். திரையைப் பார்த்தாள். முகம் சுருங்கியது. “பாரும்மா! மறுபடியும் நின்னுடுத்து!”

அவள் அப்பா பேப்பருக்குள்ளிருந்தே பேசினார். “ஏன் கொழந்தே நடுவுல நிறுத்தினே? எட்டு எண்ணிக்கைல பப அஞ்சாவதுல வரணும். நீ ஒரு சுத்துக்கு மேல விட்டுட்டு, கொண்டுவந்து ரெண்டாவதுல போடறே.”

“நான் நிறுத்தவேயில்லையேப்பா.”

அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. பேப்பரை மடித்து வைத்தார்.

அப்போதுதான் மற்றவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. சாப்பிடும்போது சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நிற்கும். டிவி பார்க்கிறாள் என்று இருப்போம். பாட்டு வகுப்பில் கவனம் போதவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பங்குனியில் ஒருநாள் குளத்துப் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். பஸ் ஒலியெழுப்பிக்கொண்டே வந்தது. கையைப் பிடித்து இழுத்து, கனவு கண்டுகொண்டே நடக்காதே என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தேன். அன்று என் கை அவள் கையைப் பிடித்திருந்தது.

ஜூனுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. கண்ணை மூடினால் அந்தச் சாலை வந்தது. வளைவில் வளையாமல் நேராகப் போகிற கார். கார் இருந்த இடத்தில் சிவப்பு சைக்கிள்.

நானும் அவரும் அவளுக்குக் கேட்காமல் பால்கனியில் நின்று பேசினோம். “படிக்கட்டுக்குக் கீழ போய் அந்தச் சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துண்டு வந்துடுங்கோ,” என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனார்.

அடையாறில் குழந்தைகளுக்கான நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்த்தோம். நான் சொன்னதை எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதக் காற்றாடியை எடுத்துப் பெண்ணின் கையில் கொடுத்தார். “இதை நிக்காம சுத்த வைக்கணும். ஊது பாக்கலாம். இன்னும் வேகமா. விடாதே.”

அவளுக்கு விளையாட்டாக இருந்தது. கன்னம் உப்ப ஊதினாள். காற்றாடி வண்ணமெல்லாம் ஒன்றாகிச் சுற்றியது. ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு காற்றாடியில் வண்ணங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. மெதுவாகி நின்றது. அவள் உதடுகள் குவிந்தபடியே இருந்தன. இமைகள் துடித்தன. டாக்டர், “மாம்பழம்” என்று அவள் காதருகே சொன்னார். அறையில் குளிர்சாதனத்தின் சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் காற்றாடி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

“நடுவுல நான் என்னமோ சொன்னேனே, என்ன சொன்னேன்?” என்றார்.

அவள் யோசித்தாள். “நீங்க ஒண்ணுமே சொல்லலையே அங்கிள்.”

இது வலிப்பில் ஒரு வகை, வேகமாக மூச்சு விட்டால் வந்து காட்டிவிடும், அதற்குத்தான் ஊதச் சொன்னேன் என்றார் எங்களிடம். விழ மாட்டாள், கைகால் வெட்டாது. சில விநாடிகள் நினைவு மட்டும் அறுந்துபோகும். மூளைக்குள் ஒரு சின்ன மின்சாரக் குழப்பம். மாத்திரைக்குக் கட்டுப்படும், இந்த வயதில் வருவது பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். மின்சாரம் என்று அவர் சொன்னபோது என் கணவர் என்னைப் பார்த்தார். தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு பரிசோதனை செய்தார்கள். அந்தப் பசையைச் சீயக்காய் போட்டுக் கழுவ வேண்டியிருந்தது. சைக்கிள் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது, ரோட்டில் கையை விடக் கூடாது, நான் சொல்லும் வரை என்றார் டாக்டர்.

சைக்கிள் விஷயத்தை அவளிடம் அவள் அப்பாதான் சொன்னார். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். “அப்ப நடுவுல நான் எங்கப்பா போயிடறேன்?” என்று கேட்டாள். இங்கேயேதான் இருக்கே என்று அணைத்துக்கொண்டேன். அவள் முகத்துக்கு நேரே நான் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலத்தை நினைத்தால், அது பொய் என்று எனக்குத் தெரியும்.

மாத்திரை பிடிக்கச் சில மாதங்கள் ஆயின. அளவைக் கூட்டினார்கள். முதலில் தூங்கி வழிந்தாள். பிறகு தெளிந்தாள். ஒருநாள் விளையாடிவிட்டு வந்து, “இப்பல்லாம் நிக்கறதே இல்லைம்மா,” என்றாள், லேப்டாப்புக்குச் சான்றிதழ் கொடுப்பதுபோல. இரண்டாவது பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டர் சைக்கிளுக்குப் பாதி அனுமதி கொடுத்தார். வீட்டு வளாகத்துக்குள் மட்டும், பெரியவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்.

எங்கள் கட்டடத்தைச் சுற்றி ஒரு சிமென்ட் பாதை இருக்கிறது. வாசற்படியில் உட்கார்ந்தால் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் தெரியும். பின்பக்கம் தெரியாது. அங்கேதான் தொட்டியும் மோட்டாரும் கிணற்றுச் சுவரும் இருக்கின்றன. கூடவே ஓடினேன், அவளுக்கு வெட்கமாக இருக்கிறது என்றாள். அதனால் ஒரு விதி வைத்தேன். பாடிக்கொண்டே ஓட்ட வேண்டும்.

“என்னடியம்மா, கச்சேரி பண்ணிண்டே சைக்கிளா?” என்றாள் மாடி வீட்டு மாமி, துணி காயப்போட்டபடி.

“அம்மா ஆர்டர் மாமி!” என்று கத்திவிட்டு அடுத்த ஸ்வரத்தில் சரியாகச் சேர்ந்துகொண்டாள்.

இந்தத் தாளத்தை நான் முறையாகக் கற்றதில்லை. இந்த வருடம்தான் அவள் அப்பாவிடம் கற்றேன். ஒரு தட்டு, மூன்று விரல், தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு எண்ணிக்கைக்கும் எட்டு ஸ்வர ஜோடி. கணக்கில் வராத ஒரு இடைவெளிகூட இதில் கிடையாது. தினமும் சாயங்காலம் படியில் உட்கார்ந்து தொடையில் போடுகிறேன். அவள் பின்பக்கம் மறைந்த பிறகு காது மட்டும்தான்.

நேற்று அவள் பின்பக்கம் திரும்பிய நேரத்தில் யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். அந்த இரைச்சலில் பாட்டு மூழ்கிப்போனது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். கை மட்டும் தொடையில் விழுந்துகொண்டே இருந்தது. கிணற்றுச் சுவர் ஓரத்தில் பாதை இடப்பக்கம் வளைகிறது. அதை எண்ணாமல் தாளத்தை மட்டும் எண்ணினேன். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

பக்கவாட்டு மூலையில் முன்சக்கரம் தெரிந்தது. சின்னச் சின்னதாக இடமும் வலமும் ஆடிக்கொண்டு வந்தது.

“தத,” என்று பாடிக்கொண்டே அவள் திரும்பினாள். தத வரும்போது ஆறாவது எண்ணிக்கை; உள்ளங்கை மேலே பார்த்திருக்க வேண்டும். குனிந்து தொடையைப் பார்த்தேன். பார்த்திருந்தது.

அவள் என்னைத் தாண்டி மறுபடி பின்பக்கம் போனாள். நான் கையை நிறுத்தவில்லை.